தே ஓ பொட்டலம் ஆடக்கூடாது

ரமணி அக்கா செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, கையிலிருக்கும் தே ஓ ஐஸ் பொட்டலத்தைப் பின்பார்க்கும் கண்ணாடியின் காம்பில் மாட்டுகிறார். பிளாஸ்டிக் பையில் பாலில்லாத தேநீர், நிறைய ஐஸ், வாயைக் கட்டிய ராஃபியா கயிறு, ஒரு ஸ்ட்ரா. பொட்டலத்தை ஒரு விரலால் தொட்டு நிறுத்துகிறார். "ஆடாதடி, வேலை இருக்கு" என்று அதனிடம் சொன்ன பிறகுதான் சாவி திரும்பும்.

கிள்ளானில் மேரு சாலைக்குப் பின்புறம், பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பொரியல் கடைக்கும் லோரி டயர் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய ஒர்க்‌ஷாப். எஞ்சின் பார்க்க மாட்டார். ஏர்கோன் பார்க்க மாட்டார். ஸ்டீரிங் மட்டும்தான். அதிலும் லிஃப்ட் கிட் போட்டு உயரத்தைக் கூட்டிய பிறகு நேராக ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிக்கப் வண்டிகள் என்றால் அக்காவுக்குக் கொள்ளை ஆசை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் செமினியிலிருந்தும் அப்படிப்பட்டவை தேடிக்கொண்டு வருகின்றன. வண்டி மூன்று அங்குலம் ஏறியிருக்கும், ஓட்டி வந்தவரின் முகம் ஆறு அங்குலம் இறங்கியிருக்கும்.

"ஹை ஹீல்ஸ் போட்டா நடை மாறும்லா" என்பார் அக்கா. "வண்டிக்கு மட்டும் மாறாதா? மேல தூக்கிட்டா, சக்கரத்தப் புடிச்சிருக்கிற இரும்புக் கையெல்லாம் கீழ தொங்கிப் போயிடும். ஸ்டீரிங்க திருப்பினா திருப்பின எடத்துலயே நிக்கும், தானா நடுவுக்கு வராது. அப்புறம் மனுஷன் இப்படித் திருத்தி அப்படித் திருத்தி, ஹைவேல கோலம் போட்டுக்கிட்டே போவான்."

அந்தக் கோலத்தை அளக்கத்தான் பொட்டலம். ஓட்டுகிறவர் திருத்தத் திருத்த அது ஆடும். வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போனால் சும்மா தொங்கும். ஒர்க்‌ஷாப்பில் விலை உயர்ந்த அலைன்மென்ட் மெஷின் இல்லாமல் இல்லை. மெஷின் பச்சை காட்டினாலும் பொட்டலம் ஆடினால் வண்டி வெளியே போகாது. அக்காவுக்கு இன்னொரு விரதமும் உண்டு. வண்டி சரியாகும் வரைக்கும் அந்தத் தேநீரைத் தொட மாட்டார், வேறு வாங்கவும் மாட்டார். ஐஸ் கரைந்து, தேநீர் வெளுத்து, வெந்நீராகவே போனாலும் அதேதான். சில நாள் தொண்டை வறண்டு மாலையில் எல்லார் மீதும் எரிந்து விழுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் அதை வைத்தே உள்ளே இருக்கும் வண்டியின் நிலைமையைத் தெரிந்துகொள்கிறார்கள்.

வயது நாற்பத்தெட்டு. எப்போதோ யாரோ கொடுத்த தொழிற்சாலை விருந்து டி-ஷர்ட்டும், மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தியும்தான் அவருடைய சீருடை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்குக் கேஷியராகப் போனவர். அங்கே அலைன்மென்ட் மெஷினின் திரையை ஆண்கள் யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லையாம். கல்லாவில் உட்கார்ந்தபடியே அக்கா படித்து, "அண்ணே, இடது சக்கரம் இன்னும் செவப்பு!" என்று கத்தியிருக்கிறார். இரண்டு வருடத்தில் அக்கா, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கிவிட்டார், குழியிலிருந்த ஒருவர் கல்லாவுக்கு ஏறிவிட்டார். கணவர் சிவநேசன் பிரிக்பீல்ட்ஸில் பூஜைப் பொருள் கடையில் வேலை செய்கிறார், தினமும் ரயிலில்தான் போகிறார். லைசென்ஸ் சோதனையில் நான்கு முறை தோற்றவர். "பக்கத்து சீட்ல பிரேக் இல்லன்னு இருவத்து மூணு வருஷமா சொல்றேன், இன்னும் கால வெச்சித் தேடிக்கிட்டே வராரு" என்று சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு பெருமை.

போன வெள்ளிக்கிழமை காலை என் குட்டிக் காரை அங்கே கொண்டுபோனேன். டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்றேன். "இது சாதுவான ஆளுதான். அரை மணி நேரம் ஒக்காருங்க" என்றார். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். சத்தியமாக வருத்தமில்லை. எனக்கு முன்னால் நின்றது விமலனின் பிக்கப்.

விமலன் செமினியில் ஏர்கோன் பொருத்துகிறவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது இரண்டே நாளில், அவருக்குக் கல்யாணம். மாலை போட்ட பிக்கப்பில் மணப்பெண் வாணியை உயரத்தில் உட்காரவைத்துக் கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டு, லிஃப்ட் கிட் வாங்கித் தானே பொருத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் வாணியின் அப்பா கமலநாதனை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போக, வண்டி இரண்டு லேனும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டது. கமலநாதன் முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். டோல் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கிராப் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும், கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மூவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கமலநாதன் தன் நிபந்தனையை எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓட்டுறவன் கோளாறா, வண்டி கோளாறா, எனக்கு அது தெரியணும். வண்டின்னா சரி பண்ணி என் கையில குடுங்க. நேரா ஓடுச்சின்னா ஞாயித்துக்கிழம மண்டபத்துல நிப்பேன். இல்லன்னா என்னைத் தேடாதீங்க."

"மாமா, மூணு கடையில அலைன்மென்ட் பண்ணிட்டேன்..." என்று விமலன் ஆரம்பித்தார்.

"மாமா இல்ல. அங்கிள்னே கூப்பிடு."

வாணி பீசாங் கோரேங்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றாள். "அப்பா வராட்டியும் நான் இவரைத்தான் கட்டிக்குவேன் அக்கா. ஆனா மேடையில அப்பா எடம் காலியா இருந்தா நான் எப்படிச் சிரிக்கிறது?" என்றாள். அக்கா தே ஓ வாங்கிவரப் போனார்.

முதல் ஓட்டத்தில் அக்கா ஓட்ட, கமலநாதன் முன்னால் உட்கார, விமலனோடு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கிற ஆசைதான், வேறென்ன. பொட்டலம் கோயில் மணி மாதிரி ஆடியது. ஒரு வளைவில் ஸ்ட்ரா வழியாக இரண்டு சொட்டு தெறித்துக் கமலநாதனின் சட்டையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்காமல், விமலனுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார்.

திரும்பி வந்ததும் அக்கா டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். பத்து நிமிடம் கழித்து முகம் மட்டும் வெளியே வந்தது.

"தம்பி, கடைசி நட்ட எத்தன மணிக்கி முடுக்கின?"

"நாலு பத்து இருக்கும்க்கா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமாக்கா."

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிச்சிடணும்னு அம்மா போன் மேல போன் போட்டிருப்பாங்களே?"

விமலன் ஆடிப்போய்விட்டார். தன் ஜாதகமே வண்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிறதோ என்று குனிந்து பார்த்தார்.

விஷயம் இவ்வளவுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டில் ரப்பர் புஷ் என்கிற உறை இருக்கிறது. வண்டி ஜாக்கில் இருக்கும்போது அந்த மூட்டு நட்டுகளைச் சும்மா பிடிக்கிற அளவுக்குத்தான் திருக வேண்டும். டயர் தரையைத் தொட்டு, பாரம் இறங்கிய பிறகுதான் முழுசாக முடுக்க வேண்டும். விமலனோ ராகுவை முந்துகிற அவசரத்தில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே மூச்சைப் பிடித்து முடுக்கிவிட்டார். அப்புறம் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நாலு இருபத்தைந்துக்கு இறக்கியிருக்கிறார்.

"எலுமிச்சம்பழம் நசுங்குச்சி, ரப்பரும் முறுக்கிக்கிச்சி. அந்த முறுக்கு சக்கரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், எத்தன அலைன்மென்ட் பண்ணாலும் நிக்காது. நல்லவேள, கிழியல" என்றபடி அக்கா எழுந்து கையைத் துடைத்தார். "இந்த மாசம் இது மூணாவது ராகு கேசு, பாஸ்."

வண்டியைக் குழிக்கு மேல் ஏற்றி, நட்டுகளைத் தளர்த்திவிட்டு மேலே வந்தார். ரப்பர் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் வண்டியை நன்றாகக் குலுக்க வேண்டுமாம். "எல்லாரும் முன் பம்பர்ல ஏறுங்க. குதிக்கணும்." விமலன் ஏறினார். வாணி ஏறினாள். பத்திரிகைக்கு எழுதுகிறவன், மானம் மரியாதை எல்லாம் பார்க்காமல் நானும் ஏறினேன். அக்கா கமலநாதனின் தொப்பையை ஒரு தரம் பார்த்தார்.

"அண்ணே, வெயிட்டு பத்தல."

"நான் எதுக்கு?"

"நீங்கதான சோதனை பண்றவரு? சோதனைக்காரர் வெயிட்டும் இருக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே அவர் ஏறினார். அப்போது விமலன் கைபேசியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, வெள்ளிக்கிழம பதினொன்னு இருவது. இப்பவும் ராகு காலம்க்கா..."

"அப்ப ராகுவையும் ஏறச் சொல்லு. அவர் வெயிட்டும் சேரட்டும்!"

முதலில் சிரித்தது கமலநாதன்தான். அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. அக்கா கையைத் தட்டித் தாளம் போட, நாங்கள் நான்கு பேரும் பம்பரில் நின்று குதித்தோம். வண்டி மேலும் கீழுமாகப் போய்வந்தது. டயர் கிடங்கிலிருந்து நான்கு பேர் வந்து படம் பிடித்தார்கள். வாணி சிரித்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வழிய, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா போதும் என்று சொன்ன பிறகும் கமலநாதன் இரண்டு குதி கூடுதலாகக் குதித்தார். இறங்கியதும் ஞாபகம் வந்தவராக மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்.

அக்கா குழிக்குள் இறங்கி, பாரம் தரையில் இருக்கும்போதே, ராகு காலத்திலேயே, ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். மெஷினில் சக்கரங்களின் சாய்மானத்தைச் சரிசெய்தார். சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. "இது சும்மா ஜாதகப் பொருத்தம். குடும்பம் நடத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்று சாவியைக் கமலநாதனிடம் நீட்டினார். பொட்டலம் காலையிலிருந்து கண்ணாடியிலேயே தொங்கியது. ஐஸ் இருந்த அடையாளமே இல்லை. அக்கா எச்சிலை விழுங்கிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினார். நாங்கள் மூவரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தோம்.

பூலாவ் இண்டா போகிற சாலை. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், லோரிகள் ஓரங்கட்டி நின்றன. கமலநாதன் அறுபதில் போனார், எண்பதில் போனார். வாணி விமலனின் கையைப் பிடித்திருந்தாள். தொண்ணூறு வந்தது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. கமலநாதன் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கினார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன். வண்டி தன் லேனில் தன்பாட்டுக்குப் போனது. பொட்டலம் சும்மா தொங்கியது.

கமலநாதன் கைகளை இறக்கி ஸ்டீரிங்கைப் பிடித்தார். தொடர்ந்து ஓட்டினார். திரும்ப வேண்டிய இடம் வந்தது, போனது.

"அங்கிள்..." என்றார் விமலன். "யூ-டர்ன் தாண்டிட்டோம்."

"தெரியும்லா. அடுத்ததுல திரும்புறேன். நல்லா ஓடுறப்ப எதுக்கு அவசரம்?" கண்ணாடியில் அவர் கண்கள் விமலனைத் தேடின. "அப்புறம் என்ன அங்கிள்? மாமான்னு கூப்பிடு."

ரமணி அக்கா கையை நீட்டி, கண்ணாடியிலிருந்து பொட்டலத்தைக் கழற்றி, ஸ்ட்ராவை வாயில் வைத்து, வெந்நீராகிப்போன அந்தத் தேநீரைச் சர்ரென்று கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினார்.