மொட்டை மாடியில் ஓர் ஆணழகன்

என் மகனின் முதுகைப் பல வருடங்களுக்குப் பிறகு சென்ற ஆண்டுதான் பார்த்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான்தான் அவனைக் குளிப்பாட்டுவேன். பிறகு அவன் வளர்ந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நூற்பாலையில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்து மீசையெல்லாம் முறுக்கேறிய பிறகு ஒரு நாள் காலையில், "அத்தா, செத்த மாடிக்கு வாங்க. போட்டோ எடுக்கணும்" என்று கூப்பிட்டான்.

ஆணழகன் போட்டிக்காக மதுரையில் ஒரு கோச்சை அமர்த்தியிருந்தான். எல்லாம் போன் வழியாகத்தான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு என்ன சாப்பிடலாம், எவ்வளவு நேரம் நடக்கலாம் என்று அவர் சொல்வார். முதுகைத் தானே எடுக்க முடியாது என்பதால் நான் தேவைப்பட்டேன்.

நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். போட்டோ எடுப்பதில் பழக்கம் இல்லை.

"அத்தா, தலைய வெட்டிட்டீங்க."

"தலைக்கு என்னலே போட்டி? முதுகுக்குத்தானே?"

அவன் சிரித்தால் முதுகு முழுவதும் அசையும். காலை வெயில் மேற்கு மலையின் உச்சியில் விழுந்து அடிவாரத்துக்கு இறங்கும் நேரம் அது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் அம்மா ஜட்டியோடு நிற்கும் அவனைப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பிப் போய்விடுவார். எங்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்த காலத்தில், அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிய வரவாக இருந்தது. அதைச் சொன்னால் கேலி செய்வான் என்று சொல்லவில்லை.

என் மனைவிக்குக் கோச் மேல் கோபம். "பிரியாணி ஆக்குற வீட்டுப் பிள்ளைய அவிச்ச கோழி திங்க வச்சிட்டாரே அந்த மகராசன். உப்பும் கிடையாது, உறப்பும் கிடையாது. ஆஸ்பத்திரியில கூட இதவிட நல்லாக் குடுப்பாவ" என்பாள். சொல்லிக்கொண்டே முட்டை வெள்ளையைத் தனியாகப் பிரிப்பாள். மஞ்சள் கருவெல்லாம் எனக்கும் அவளுக்கும். அந்த மாதங்களில் நாங்கள் இருவரும்தான் எடை கூடினோம்.

இடையில் ரமலான் வந்தது. நோன்பு வைத்தால் சதை கரைந்துவிடும், இந்த வருடம் விட்டுவிட முடியாதா என்று கோச் கேட்டார். இவன் முடியாது என்றான். அவரும் வற்புறுத்தவில்லை. நோன்பு திறந்ததிலிருந்து விடியுமுன் சாப்பிடும் சஹர் வரைக்கும் சாப்பாட்டைப் பிரித்துப் புதிதாக எழுதி அனுப்பினார். மாலையானால், "பாங்கு சொல்லியாச்சா? மொதல்ல தண்ணி, பொறுமையா" என்று அவரிடமிருந்து செய்தி வரும். நோன்புக் கஞ்சி ஒரு கரண்டிக்கு மேல் கூடாது என்பது மட்டும்தான் என் மனைவியால் மன்னிக்க முடியாதது.

மாதம் முழுவதும் அவன் ஒரு நோன்பும் விடவில்லை. சதையும் கரையவில்லை. அதில் கோச்சுக்கே பெருமை. எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

பெருநாள் முடிந்து சில வாரங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தோலுக்கு அடியில் நீர் இருந்தால் தசையின் வரி தெரியாதாம். அதனால் முந்தைய நாள் மாலையிலிருந்து தண்ணீர் கிடையாது. எனக்குப் பயமாக இருந்தது. கோச் போனில் சிரித்தார்: "சார், ஒரு மாசம் நோன்பு வச்ச பையன். இதெல்லாம் அவனுக்கு ஒண்ணுமே இல்ல." நானும் ஒப்புக்கொண்டேன். என் மனைவியும்தான். விவரம் தெரிந்த வயதிலிருந்து நோன்பு வைக்கிறவனுக்கு ஒரு நாள் தாகம் பெரிதா என்று மூவரும் நினைத்தோம். நோன்புக்கு விடியுமுன் வயிறு நிறையக் குடிப்பான், மாலையில் அது முடிந்துவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மதியமே மேடை என்றார்கள். சிறப்பு விருந்தினர் வராததால் தள்ளிப்போனது. மண்டபத்தின் சமையல்கட்டில், உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசிய பையன்கள் பெரிய அண்டாக்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். கோச்சும் வந்திருந்தார்; முன்பக்க அறையில் தன் வேறு இரண்டு பையன்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் மகனின் உதடு வெளுத்துவிட்டது. கெண்டைக்கால் சுண்டி இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஏலே, ஒரு வாய் குடி."

"வேண்டாம்த்தா. இம்புட்டு நாள் பட்டது எல்லாம் வீணாயிரும்."

கொஞ்சம் கழித்து, "அத்தா, நம்ம வண்டி எங்க நிக்கி?" என்று கேட்டான். சொன்னேன். உடனே மறுபடியும் அதையே கேட்டான். கண் என் மேல் நிற்கவில்லை. என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவன் முகத்தருகே நீட்டினேன். என் கையை விலக்கிவிட்டான். எழுந்து கோச்சைக் கூப்பிடலாம் என்றால், அவன் தலை என் மடியில் இருந்தது. இவன் என் கையிலேயே போய்விடுவான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த இடம் இன்னும் நெஞ்சுக்குள் வலிக்கிறது.

அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொன்னார்கள். அவன் உதடு அசைந்தது; பிஸ்மில்லாஹ் சொன்னான் என்றே நினைக்கிறேன். கை தானாக நீண்டு பாட்டிலை வாங்கியது. மடக்கு மடக்காகக் குடித்தான். பாதிப் பாட்டில் போன பிறகு நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"அத்தா, இன்னிக்கு நோன்பு இல்லியே."

"இல்லதான். குடிலே."

மீதியையும் குடித்தான்.

அப்போதுதான் எங்களைத் தேடி வந்த கோச், நடுங்கும் கால்களைப் பார்த்து முகம் இருண்டுபோனார். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நோன்பு வச்ச பையனுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கல்ல, கோச்."

அவர் சாயம் படிந்த கையோடு அவன் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். மேடை வேண்டாம் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். இவன் ஏறவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, தன் எடைப் பிரிவின் பெயரை மைக்கில் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கோச்சே காரில் எங்களை எங்கள் ஊர் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். சாயம் இறங்கிப் படுக்கை விரிப்பெல்லாம் பழுப்பானது. சிறுநீரகத்துக்குப் பழுதில்லை என்று டாக்டர் சொல்லும்வரை அவர் கிளம்பவில்லை.

இந்த வருடமும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அதே கோச். என் மனைவிதான் கேட்டாள்: "ஊர்ல வேற ஆளே இல்லியாலே?"

"அன்னிக்கு அவரும் பயந்துட்டாரும்மா. பயப்படாத ஆளுகிட்டப் போகச் சொல்லுதியா?"

அவள் முட்டை வெள்ளையைப் பிரிக்கப் போய்விட்டாள். மதியம் கம்பெனியில் இருந்து அவனுக்குப் போன் செய்கிறேன், நூற்பாலைச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்கிறேன்: "ஏலே, தண்ணி குடிச்சியா?"

"குடிச்சிட்டேன்த்தா. வைங்க, மெஷின் நிக்கி."

சத்தியமாகக் குடித்தானா என்று தெரியாது. வைத்துவிடுகிறேன்.