பதில் குரல் வராத காலை

முதியோர் ஆரோக்கிய ஆய்வில் பல ஆண்டுகள் களப்பணியாளராக இருந்தேன். இளமையில் வாழ்ந்த விதம் முதுமையில் உடம்பையும் மனத்தையும் எப்படி ஆக்குகிறது என்று கேட்டறிவதுதான் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்வேன்.

அன்று காலை, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் மேரியக்காவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் கோலாலம்பூரில். மெஷினைப் பார்த்ததும் என்னை நர்ஸ் என்று முடிவுகட்டி, 'மிஸ்ஸி' என்றே கூப்பிட்டார்.

"அவசரத்துக்கு உங்களுக்கு யாரு வருவாங்க அக்கா?"

அவர் கைப்பட்டையைக் கழற்றினார். "இரு மிஸ்ஸி. அஞ்சலை இன்னும் கொரல் குடுக்கல."

வெளியே பனிமூட்டம். வாசலில் நின்று, "அஞ்சல... ஓய்!" என்று கூவினார். பக்கத்து வீடுகளிலிருந்து, அவரோடு கொழுந்து பறித்த இரண்டு பெண்கள் பதில் கூவினார்கள். கடைசி வீடான அஞ்சலையக்கா வீட்டில் மட்டும் சத்தமில்லை. தேய்ந்துபோன முழங்கால்களோடு மூவரும் ஓடினார்கள். நானும் பின்னால் போனேன்.

அஞ்சலையக்கா குளியலறை ஈரத்தில் கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. உதடெல்லாம் குளிரில் வெளுத்திருந்தது. தூக்க வேண்டாம் என்று தடுத்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். மேரியக்கா கம்பளியைப் போர்த்திவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"நாங்க வந்துட்டோம்லா. கண்ண மூடாத. பேசு."

வண்டி வரும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, தினமும் இப்படித்தான் கூவுவீர்களா என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்கறப்ப பனியில பக்கத்து ஆளே தெரியாது மிஸ்ஸி. ஒருத்தி கூவுனா மத்தவங்க கூவணும். சத்தம் வரலன்னா கூடைய எறக்கி வச்சிட்டுத் தேடுவோம். பென்ஷன் ஆயிட்டா விட்டுற முடியுமா?"

அவர்களுடைய தேய்ந்த முழங்காலும் தோள்வலியும் அந்த மலைச்சரிவில் வந்தவை. அதை எங்கள் ஆய்வு சரியாகவே கேட்டிருந்தது. இந்தக் கூவும் பழக்கமும் அங்கேதான் வந்தது; அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தாதி வெளியே வந்து, "சொந்தக்காரங்க யாரு?" என்றார். மூன்று பெண்களும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து அஞ்சலையக்கா ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். நடை தேறும்வரை மூவரும் முறைவைத்துச் சமைத்துப் போட்டார்கள். "மேரி கொழம்புல உப்பே இல்ல," என்று என்னிடம் குறை வேறு சொன்னார்.

எனவே இளையவர்களே, முதியவர்களிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். "கூட வேலை செஞ்சவங்க யாரு?" என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் சிரித்துப் பேச ஆரம்பிப்பார்கள்.