கிராம்பு மணக்கும் வெள்ளைப் பூ: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

மே மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, காலை எட்டரை. வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் மேடை இன்னும் ஈரமாக இருந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் கடல் சேற்று நிறத்தில் பாறைகளில் மோதிக்கொண்டிருந்தது. கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் முப்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை இன்னும் மூன்று. கொழும்பு என்ற ஒரே நகரத்தின் தெற்கிலிருந்து வடக்குக்குப் போகும் இந்தப் பயணத்துக்கு என் கைப்பையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு கத்தரிக்கோல், இறப்பர்க் கையுறை, இரண்டு பொலித்தீன் பைகள் இருந்தன. ஒரு செடி இன்னதென்று அறிந்துவரப் புறப்பட்டிருந்தேன்.

என் மகள் மிதுராவுக்கு ஒன்பது வயது. மாதத் தொடக்கத்தில் அவள் கொட்டாஞ்சேனையில் தன் வகுப்புத் தோழி ஷெரினின் பிறந்தநாளுக்குப் போய்வந்தாள். அன்று மாலை வாய் எரிகிறது என்றாள். பிறகு வாந்தி. பிறகு கைகால் துவண்டு, நாடி மிக மெதுவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், தேறிவிட்டாள். இப்போது பழையபடி மாடிப்படிகளில் ஓடுகிறாள். நான்தான் அவள் தூங்கும்போது மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் விடவில்லை.

வகுப்புத் தாய்மாரின் வட்ஸ்அப் குழு அடுத்த நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டது: பிறந்தநாள் வீட்டு ரோல்ஸ். ஷெரினின் அம்மா ஜெசிந்தா வீட்டிலேயே ரோல்ஸும் கட்லட்டும் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர். டொக்டர் மட்டும் அந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை. “பழுதான சாப்பாட்டுக்கு நாடி இப்பிடி விழுறது வழமையில்லை. பிள்ளை வேற என்ன வாயில வச்சவ?” என்று கேட்டார். மிதுரா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த வியாழக்கிழமைதான், தலை பின்னிவிடும்போது, முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

“அம்மா, நான் மாதாட பூவைப் பிடுங்கித் தேன் குடிச்சனான்.”

“எத்தினை பூ?”

“நிறைய.”

அவளுடைய பள்ளிக்கூட மதிலோரம் எக்சோரா என்கிற வெட்சிச் செடிகள் நிற்கின்றன. இடைவேளையில் பிள்ளைகள் பூவை உருவி, குழலின் அடியை உறிஞ்சுவார்கள். நானும் அந்த வயதில் உறிஞ்சியிருக்கிறேன். எக்சோரா ஒன்றும் செய்யாது. அதே பழக்கத்தில் இவள் ஷெரின் வீட்டு முற்றத்தில் மாதா சிலையடியில் நின்ற வேறொரு பூவை உறிஞ்சியிருக்கிறாள். வெள்ளைப் பூவாம், நீண்ட குழலாம், கையில் பிசுபிசுவென்று ஒட்டுமாம், கிராம்பு மாதிரி மணக்குமாம்.

நான் பட்டப்படிப்பில் தாவரவியல் படித்தவள். வேலை காப்புறுதிக் கம்பனியில். இவ்வளவு காலமும் யாருக்கும் தேவைப்படாத படிப்பு அன்றிரவு எழுந்து உட்கார்ந்தது. ஒட்டும் வெள்ளைக் குழல், கிராம்பு மணம், தேனிலேயே நஞ்சு, நாடியைத் தாழ்த்தும் நஞ்சு: எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. மணமுள்ள அசேலியா. ஆனால் அசேலியா நுவரெலியாக் குளிருக்குரிய செடி. கொட்டாஞ்சேனையின் துறைமுகத்துப் புழுக்கத்தில் அது எப்படிப் பூக்கும்? நேரில் பார்க்காமல் சொல்லக்கூடாது.

ரயில் கடலை ஒட்டியே போனது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு. கதவோரம் நின்றவர்களின் சட்டைகள் உப்புக் காற்றில் பலூனாக ஊதின. ஒன்பது மணிக்கு முன்னரே கோட்டையில் இறங்கி வெளியே வந்து ஓட்டோ கேட்டேன்.

“கொட்டாஞ்சேனை? அறுநூறு குடுங்க மிஸ்.”

“மூண்டு கிலோமீற்றருக்கு அறுநூறா?”

“மூணு கிலோமீற்றர்தான். அதுல ரெண்டு கிலோமீற்றர் புறக்கோட்டையில்ல?” என்றார் சாரதி.

ஐந்நூறுக்கு இணங்கினார். அவர் சொன்னது பொய்யில்லை. கைவண்டிகளும் வெங்காய மூடைகளும் துணிக்கடைக் கூவல்களுமாக ஊர்ந்து, செட்டியார் தெருவின் நகைக் கடைகளைத் தாண்டி, ஜம்பட்டா வீதிக்குள் திரும்பும்போதுதான் காற்று வந்தது. “பாவா, மாதா கோயிலுக்கு நேர்த்தி வைக்கவா போறீங்க?” என்று யாரோ வழியில் முஸ்லிமான அவரைக் கேலி செய்தார்கள். “மிஸ்ஸக் கொண்டு போறன்டா, நேர்த்தி மிஸ்ஸுக்குத்தான்,” என்று கத்திவிட்டு ஒரு குறுகிய ஒழுங்கையின் வாயில் என்னை இறக்கினார்.

நான்கு வீடுகளுக்கு ஒரு பொது முற்றம். அதன் மூலையில் நீலக் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா. மே மாதம் என்பதால் சின்ன மின்விளக்குகள் சுற்றியிருந்தார்கள். காலடியில் ஒரு மண் சாடி, அதில் வெள்ளைப் பூக்கொத்துகளோடு ஒரு செடி. ஒழுங்கைக்குள் நுழைந்ததுமே மணம் வந்துவிட்டது.

ஜெசிந்தா வாசலுக்கு வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

“வாங்க அக்கா. மிதுரா எப்பிடி?” என்றார். உட்காரச் சொல்லுமுன்பே தொடர்ந்தார்: “நான் சத்தியமா சொல்றன், அண்டைக்குப் பொரிச்ச ரோல்ஸ்தான் வச்சது. ஷெரினும் அதத்தான் சாப்பிட்டா. என் வீட்டுக்காரர் ஒம்பது சாப்பிட்டார்.”

“பத்து,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவருடைய கணவர் அன்ரன், லொறி ஓட்டுபவர்.

“நான் ரோல்ஸுக்கு வரேல்ல ஜெசிந்தா. அந்தப் பூவைப் பாக்க வந்தனான்.”

கையுறையைப் போட்டுக்கொண்டு சாடியருகில் குந்தினேன். இடுப்பளவு உயரச் செடி. இலைகள் மாறி மாறி முளைத்தாலும் கிளை நுனியில் நெருங்கி ஒரு வட்டம்போல நின்றன. பூக்கள் கொத்தாக, ஒவ்வொன்றும் மெல்லிய குழல், முனையில் ஐந்து இதழ். குழலுக்கு வெளியே ஐந்து மகரந்தத் தண்டுகள் நீண்டு நின்றன. சூல்தண்டு அவற்றையும்விட நீளம். உருப்பெருக்கிக்குள் பார்த்தால் குழலின் வெளிப்புறம் முழுவதும் நுண்ணிய மயிர்கள், ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒரு துளிப் பசை. அதில் இரண்டு எறும்புகள் ஒட்டிச் செத்திருந்தன.

“இது ஹனிசக்கிள் அக்கா,” என்றார் ஜெசிந்தா.

“இல்லை. ஹனிசக்கிளுக்கு இலை எதிரெதிரா சோடியா வரும். பூவும் ரெண்டு உதடு மாதிரிப் பிளந்திருக்கும். இது அசேலியா. வடிவான சாதி. எப்பிடி இங்க வளக்கிறீங்கள்?”

அன்ரன் உற்சாகமாக வெளியே வந்தார். நுவரெலியாவில் அவருடைய மாமியின் வீட்டில் தாய்ச்செடி நிற்கிறது. தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, அடித்தோலைச் சற்றே சுரண்டி, மண்ணுக்குள் புதைத்து மேலே கல் வைத்து, வேர் பிடித்தபின் வெட்டி எடுத்த செடி இது. பைனஸ் ஊசியிலை மக்கிய மண்தான் சாடிக்குள். சுண்ணாம்பு அண்டவே கூடாது. மழைநீர்தான் ஊற்றுவது, குழாய்த் தண்ணீர் இல்லை. வேர் மேலாக ஓடுவதால் மண்ணைக் கிண்டுவதுமில்லை.

“ஒரு வருசம் இங்கயே வெச்சுப் பாத்தம். இலை ஓரமெல்லாம் கருகி, அடுத்த வருசம் ஒரு மொட்டுக் கூட வரல்ல. குளிர் வேணும் அதுக்கு. இப்ப மொட்டு வைக்கிற நேரம் லீக்ஸ், கரட்டோட ஏத்திட்டு வருவன். மே முடிய, வெறும் லொறில திரும்ப மேல போயிரும்.”

என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இந்தச் செடி கொழும்பில் வாழவில்லை. வருடத்தில் ஒரு மாதம் விருந்துக்கு வருகிறது.

நான் விடயத்தைச் சொன்னேன். இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் நஞ்சு. மணப்பதால் ஒன்றுமில்லை, தொடுவதாலும் பெரிதாக ஒன்றுமில்லை, விழுங்கினால்தான். மிதுராவுக்கு வந்த வாய் எரிவும் வாந்தியும் தாழ்ந்த நாடியும் இதற்குப் பொருந்துகின்றன. ஒரு கொப்பை வெட்டி டொக்டரிடம் கொண்டுபோகிறேன், ஆனால் எனக்குச் சந்தேகமில்லை.

ஜெசிந்தா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். பழி ரோல்ஸை விட்டு நீங்குகிறதல்லவா? அவர் சாடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

“குறூப்புல போடப் போறீங்களா?”

“போடத்தானே வேணும்.”

“வேணாம். ரோல்ஸ்னே இருக்கட்டும். கடை ஓடர் போனா திரும்ப வரும். மாதா காலடிப் பூ பிள்ளைக்கு நஞ்சு வெச்சதுன்னு சொன்னா, இந்த ஒழுங்கையில நான் எப்பிடி நிமிந்து நடக்கிறது? இந்தப் பூவுக்காகவே சனம் வந்து நின்டு செபிக்குது அக்கா.”

அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். அலுமினியத் தட்டங்கள் கழுவிக் கவிழ்த்தபடி, ஓடர் இல்லாமல் மூன்று கிழமையாகக் கவிழ்ந்தே இருப்பதுபோலத் தெரிந்தன. அதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக ஒருத்தி நிற்கிறாள். இது தெரியாமல் இனி இந்த முற்றத்துக்கு வரப்போகும் அடுத்த பிள்ளையை நினைத்தேன்.

“ஜெசிந்தா, எங்கட சிவனுக்கு ஊமத்தம்பூ சாத்துறம். அலரிப்பூவால மாலை கட்டுறம். ரெண்டும் நல்ல நஞ்சு. அதால சிவனுக்கு ஒரு குறையும் வரேல்ல. சாமிக்கு வைக்கலாம். சாப்பிடத்தான் கூடாது. அதைச் சின்னன்ல இருந்தே பிள்ளையளுக்குச் சொல்லி வளக்கிறம். இந்தப் பூவுக்கு அப்பிடிச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்ல, அவ்வளவுதான்.”

“அப்ப எல்லாச் சாமிக்கும் நஞ்சுதான் பிடிக்கும் போல,” என்றார் அன்ரன்.

“நீங்க வாய மூடுங்க!” ஜெசிந்தா அடக்கப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அல்ல, தன் குரலிலேயே குழுவுக்குப் பேசினார். ரோல்ஸில் பிழையில்லை, முற்றத்தில் நிற்கும் அசேலியாவின் தேனைப் பிள்ளை குடித்திருக்கிறாள், உங்கள் வீட்டில் அப்படி ஒரு செடி இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். நான் படத்தையும் அடையாளங்களையும் கீழே போட்டேன். ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. மன்னிப்பாக இருக்கும் என்று நினைத்தோம். ‘நல்ல வடிவு. ஒரு கிளை தருவீங்களா?’ என்றிருந்தது.

அன்ரன் சாடியை மாதாவின் கூட்டுக்கு மேலிருந்த மதில் தட்டுக்குத் தூக்கினார். பிள்ளைகளின் கைக்கு எட்டாது. மணம் கீழே இறங்கி வந்தது.

பதினொன்றரைக்குப் புறப்பட்டேன். ஜெசிந்தா, பொரித்த சூட்டோடு ஆறு ரோல்ஸைக் கடதாசிப் பையில் போட்டு நீட்டினார். வாங்கினேன். என் கை ஒரு கணம் தயங்கியதை அவர் கண்டுகொண்டார். நானும் அவர் கண்டதைக் கண்டேன். அறிந்தது மூளைக்குப் போய்விட்டது, கைக்கு இன்னும் போகவில்லை. பையைத் திறந்து, அங்கேயே நின்று ஒன்றைக் கடித்தேன். மிளகு காரம், நல்ல மொறுமொறுப்பு. இரண்டாவதையும் எடுத்தேன்.

வீட்டுக்கு அழைத்தேன். மிதுரா முதலில் கேட்டது செடியைப் பற்றியல்ல.

“ஷெரினிட அம்மா கோவமா?”

ஜெசிந்தா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “கோவந்தான். கேக்காம பூ பறிப்பாங்களா? வந்து மாதாட்ட சொரி சொல்லணும். சொல்லிட்டு ரோல்ஸ் சாப்பிடணும். அடுத்த சனிக்கிழமை வா.” பிறகு என்னைப் பார்த்தார். அனுமதி என்னிடமிருந்து வரவேண்டியிருந்தது.

“கூட்டிக்கொண்டு வாறன்,” என்றேன்.

திரும்பும் ரயிலில் கடல் வலப்பக்கம். கொட்டாஞ்சேனையில் நான்கு வீட்டுக்கு ஒரு முற்றம். ஒரு சாடி இடம் மாறினால் நான்கு வீடும் அறியும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் வாசலில் வரிசையாகச் சாடிகள் இருக்கின்றன; எதில் என்ன செடியென்று யாரும் கேட்டதில்லை. மிதுரா தினமும் அவற்றைக் கடந்துதான் பள்ளிக்கூட வான் வண்டிக்கு ஓடுகிறாள். வீடு வந்ததும் நான் நேரே மேலே போகவில்லை. அவளைக் கீழே வரச் சொன்னேன். முதற் சாடியருகில் இருவரும் குந்தினோம்.

“இதென்ன?” என்றாள்.

“அடீனியம். அலரிட சொந்தம். பாக்கலாம், மணக்கலாம். வாயில வைக்கக்கூடாது.”

“அடுத்தது?”