தேடப்பட்டவர் வீட்டில் இல்லை

என் நாத்தனார் ரொட்டிக் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறாள். அழுத்தக்காரி. அவளுடைய ஒரே மகனை ஒரு கும்பல் பட்டப்பகலில், தெருமுனையில் வைத்துக் குத்திக் கொன்றது. ஆள் மாறிவிட்டதாம். குத்தியவன் இன்னும் பிடிபடவில்லை.

காரியம் முடிந்த கையோடு வீடுவீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, எங்கள் தெருவுக்குப் போலீஸ் பூத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். வந்தவர்கள் கும்பலைப் பிடித்தார்களோ இல்லையோ, எங்கள் கறுத்த தோலைப் பிடித்துக்கொண்டார்கள். மேல்தெருவின் வெளுத்த பிள்ளைகள் விசிலடித்துக்கொண்டு போகலாம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் தச்சர். முன்பு ரவுடிகள் உடைத்த கதவுகளைச் சரிசெய்தார். இப்போது போலீஸ் உடைத்ததையும் செய்கிறார். "ரவுடி பூட்டைத்தான் உடைப்பான். இவனுங்க நிலையையே பேத்துடறானுங்க" என்பார்.

பூத்தை எடுக்கச் சொல்லி மனு எழுதினோம். தெருவே கையெழுத்துப் போட்டது, நாத்தனாரைத் தவிர.

"பையை நோண்டினா உங்களுக்கு மானம் போகுது, அண்ணி. எனக்கு உசுரே போச்சே."

"அதுக்கு எங்க புள்ளைங்க மூஞ்சி என்னடி பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. எனக்கும் ஆத்திரம்தான்.

போன ஞாயிறு மதியம் அவள் வீட்டுக் கதவு நிலையோடு விழுந்த சத்தம் என் அடுப்படிவரை கேட்டது. ஓடினேன். உள்ளே நான்கு போலீஸ்காரர்கள் கட்டிலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உன் பையன் எங்க?" என்றார் அதிகாரி.

கும்பல் பட்டியலில் அவன் பெயர் இருந்ததாம். எங்கள் நிறத்தில் ஒருவன் குத்துப்பட்டால் அவனும் கும்பல்தான் என்று எழுதிவைத்தவர்கள், அவன் செத்ததை எழுதவில்லை. நாத்தனார் பீரோவிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி இரண்டு முறை படித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார்: 'தேடப்பட்டவர் வீட்டில் இல்லை.'

"இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. போயிடறோம்."

"அவன் இல்லைன்னு நான் எழுதித் தரணுமா? வெளிய போங்கடா!"

போனார்கள். நான் வெட்கம் கெட்டவள், அன்று மாலையே எங்கள் மனுவை அவளிடம் நீட்டினேன்.

"இவங்களும் போயிட்டா அவனைக் குத்தினவனை யாரு தேடுவா, அண்ணி?"

"இவங்க எங்கடி அவனைத் தேடினாங்க? உன் புள்ளையைத்தானே தேடினாங்க."

அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பேனாவைப் பிடுங்கி, தாள் கிழியும்படி கையெழுத்துப் போட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.