பிள்ளையார் சுழிக்கு முன்னால் ஒரு வரி

எங்க அப்பாவுக்குச் சாலைக் கடைவீதியில் சேலை மொத்தக்கடை. நான் கம்ப்யூட்டர் படித்ததை அவர் ஒரு படிப்பாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. "வெள்ளிக்கிழமை உன் பக்கம் என் கண்ணு முன்னால தொறக்கணும். தொறக்கலேன்னா மறுநாளே கடையில வந்து இரி, கேட்டியா?" என்று சொல்லிவிட்டார். கல்லாவில் உட்கார்ந்து காலம் தள்ளுவது எனக்கு ஆகவே ஆகாது.

பக்கம் என்றால் கடைக்காக நான் எழுதிய வெப் பக்கம்; சேலை ரகத்தைத் தட்டினால் விலை காட்டும் ஒரு சிஜிஐ புரோகிராம். கேட்டவுடன் ஓடி விடையை எழுதித் தரும். சர்வர் அதை வாங்கி பிரௌசருக்கு அனுப்பும். அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தேனா? வெள்ளிக்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்த கையோடு, அது எழுதித் தருவதற்கெல்லாம் முதல் வரியாக ஒரு பிள்ளையார் சுழியைச் சேர்த்து சர்வரில் ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுகூடச் சுழி இல்லாமல் தொடங்காது.

சாயங்காலம் கிழக்கே கோட்டை நெட் சென்டரில் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டினேன். 'இன்டர்னல் சர்வர் எரர்.' மறுபடி தட்டினேன். அதேதான்.

"இதென்னவாக்கும்? சேலையைக் காணோமே" என்றார்.

சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்தேன். தலைப்பு வரி சரியில்லை என்றது. அதன் அருகிலேயே என் சுழி, லாகில் தமிழ் ஃபாண்ட் இல்லாததால் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக முழித்துக்கொண்டிருந்தது. அட கடவுளே! வருவது என்ன சரக்கு என்று சொல்லும் தலைப்பு வரி முதலில் வரணும், அப்புறம் ஒரு வெற்று வரி. அதற்குப் பிறகு வருவதைத்தான் சர்வர் பக்கமாக எடுத்துக்கொள்ளும். நானோ பிள்ளையாரை அதற்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

சுழியை வெற்று வரிக்குக் கீழே இறக்கித் தட்டினேன். உச்சியில் சுழி, கீழே பட்டும் சுங்குடியும் விலையோடு வந்து நின்றன. எனக்குக் கத்தணும் போலிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "அப்போ பிள்ளையாருக்கு முன்னாலயும் ஒருத்தன் நிக்கானா?"

"பழவங்காடியில செருப்பை வெளியே விட்டுட்டுத்தானே உள்ள போறோம்? அது மாதிரிதான்ப்பா."

அவர் சுங்குடி விலையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். பேரமே பேசாமல் விலை சொல்கிறதே என்று சிரித்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "நாளைக்கு நீ கடைக்கு வரண்டாம்" என்றார்.

சொந்தக் கடைக்கு வராதே என்று சொன்னதற்கு, அப்பா கையைப் பிடித்துக் குதித்தவள் சாலைக் கடைவீதியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.