ஆடியில் வந்த கல்யாண ஆர்டர்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சூலூரில் எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் கூழ் வாங்கிக்கொண்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். கையிலிருந்த தூக்குப்போசியைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது.

"ஏனுங்க, போத்தனூர்ல இருந்து பேசறனுங்க. நாளைக்கு உங்க வண்டி எத்தன மணிக்குங்க வரும்? சர்ச் ஹால்காரங்க கேக்கறாங்க."

"எந்த வண்டிங்க?"

"கண்ணாலத்துக்குங்க. மத்தியானச் சாப்பாடு, முந்நூறு பேருக்கு மட்டன் பிரியாணி சொல்லியிருந்தனே."

நான் சிரித்துவிட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள். அதுவும் சுத்த சைவம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் அவருக்கு ஆட்டுக்கறி இல்லாமல் சோறு இறங்காது, அது வேறு கதை. தொழிலில் முட்டையைக்கூட உள்ளே விடமாட்டோம். ஆடி பிறந்தால் எங்களுக்கு லீவு. முகூர்த்தமே இல்லாத மாதத்தில் யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள்? சமையல் ஆட்களும் பந்தி பரிமாறுகிறவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். பித்தளை அண்டாக்களையெல்லாம் ஈயம் பூசக் கொடுத்துவிடுவோம். அதனால் ராங் நம்பர் என்றே நினைத்தேன்.

"நெம்பர் மாத்திப் போட்டுட்டீங்க அம்மணி. ஆடியில யாருங்க கண்ணாலம் வெக்கறாங்க?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கங்க, ஆடியெல்லாம் பாக்கறதில்ல. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேல, லீவு இப்பத்தான் கெடச்சுது" என்று சொல்லிவிட்டு, எங்கள் கேட்டரிங் பெயரைச் சரியாகச் சொன்னார் அந்த அம்மா. என் பெயரையும் சொன்னார். பிறகு அவர் குரல் மெலிந்துபோனது. "மூணு வாட்டி கேட்டனுங்களே. மூணு வாட்டியும் கண்டிப்பா வந்துருவோம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சித்த நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு என்ன நடந்திருக்கும் என்று பாதி புரிந்துவிட்டது. எங்கள் வெப்சைட்.

சித்திரையில்தான் அதைச் செய்திருந்தேன். ஊரே ஏஐ, ஏஐ என்று சொல்கிறதே, நாம் மட்டும் என்ன இளப்பமா என்று போனில் நானே உட்கார்ந்து செய்தது. தொழில் என்ன, ஊர் எது, போன் நம்பர் என்ன என்று அந்த ஏஐ கேட்டது. நான் சொல்லச் சொல்லத் தறித் துணியில் பூ விழுகிற மாதிரி பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. மெனு என்ன என்று கேட்டதற்கு, நீயே எழுது என்று விட்டுவிட்டேன். அது பிரியாணிப் படம் ஒன்றையும் போட்டது. படம் லட்சணமாக இருந்ததால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வெள்ளைப் பீங்கான் தட்டில் யாரோ சாப்பிடுகிற படத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இது எந்த ஊருக் கண்ணாலம் புள்ள, எலையவே காணோம்?" என்று கிண்டல் செய்தார். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அதைப் பார்த்து திருப்பூரிலிருந்து நல்ல ஆர்டர் இரண்டு வந்தது. அவர்கள் போனில் பேசி, நேரில் வந்து, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போனார்கள். வெற்றிலை பாக்கு மாற்றாத ஆர்டர் எங்கள் பக்கம் ஆர்டரே இல்லை.

பக்கத்தின் ஓரத்தில், யார் எழுதிக் கேட்டாலும் தானே பதில் சொல்ல, பேசுகிற பெட்டி ஒன்று வைக்கட்டுமா என்று அது கேட்டிருந்தது. வைத்துக்கொள் என்றேன். அதில் பேசுவதெல்லாம் வந்து சேர ஒரு மெயிலும் தொடங்கினேன். அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

இப்போது திறந்தேன். அந்த அம்மா கேட்டதும், என் பெயரில் அது சொன்ன பதிலும் வரிசையாக இருந்தன. அந்தத் தேதியில் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். வருடம் முழுவதும் எங்கள் சேவை உண்டு என்று சொல்லியிருக்கிறது. மட்டன் பிரியாணி? தாராளமாக. முன்பணம்? விருந்து முடிந்து தரலாம். கீழே ஆர்டர் உறுதி என்று பச்சை டிக் வேறு. எனக்குத் தெரியாமல் என்னை விட மரியாதையாக ஒருவர் கடை நடத்தியிருக்கிறார்.

கடைசியாக அந்த அம்மா எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். "என் வீட்டுக்காரர் இல்லை. ஒண்டியா நின்னு மகள் கல்யாணம் பண்றேன். சாப்பாடு நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது. கைவிட்டுட மாட்டீங்களே?" அதற்கு அது சொன்ன பதில்: "கவலை வேண்டாம் அம்மா. உங்கள் மகளின் திருமண நாளில் நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார். "மெசினு பண்ணுன கூத்துக்கு நாம என்ன புள்ள பண்றது? போன் போட்டு விசயத்தைச் சொல்லு. இப்பச் சொன்னாலாச்சும் அவங்க வேற எடம் பாப்பாங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம், முடியாது என்பதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

போத்தனூர் வீட்டில் வாசலுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கல்யாணப் பெண் மருதாணி வைத்த கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அந்த அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானுங்களா? காத்தால நீங்க தெரியாத மாதிரிப் பேசவும் எனக்கு உசுரே இல்லீங்க. அன்னிக்கு எத்தன ஆறுதலாப் பேசுனீங்க!"

"அது நானில்லீங்க" என்றேன். "அது மெசினுங்க. வெப்சைட்டுல அதுவாப் பேசுறது. நீங்க ஆர்டர் குடுத்ததே எனக்கு இன்னிக்குத்தானுங்க தெரியும்."

அவர் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. பெண்ணை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழாமல் கேட்டார்: "அப்ப நாளைக்கு சோறு?"

முடியாது என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். "சோறு வருமுங்க. நான் போடறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

திரும்பி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டு வருகிறோம் என்று உறைத்தது. வியர்த்துக் கொட்டியது. பிரியாணியில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. எங்கள் சமையல் மாஸ்டர் சென்னிமலைக்குக் காவடி எடுத்துப் போயிருந்தார், போன் சுவிட்ச் ஆஃப். தெரிந்த கேட்டரிங்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "ஆடியில பிரியாணியா? அக்காவுக்கு வெயில் ஏறிப்போச்சு" என்று சிரித்தார். ஓட்டல்களில் இத்தனை பேருக்கு நாளைக்கே என்றால் ஆகாது என்றார்கள். பக்கத்து சீட்டுப் பெண், "ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த அளவுக்கு இருந்திருக்கிறது என் முகம்.

வீட்டில் திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒத்துக்கிட்டு வந்துபோட்டயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அண்டாவையாவது முதலில் திருப்பி வாங்குவோம் என்று வண்டியை எடுத்தார்.

ஈயம் பூசுகிறவர் கடையில் எங்கள் அண்டாக்கள் பழைய பூச்சைச் சுரண்டி, பளபளவென்று வெறும் பித்தளையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஈயம் இல்லாமல் அதில் சமைக்க முடியாது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏனென்று ஈயம் பூசுகிறவர் கேட்கவும், கூடை சாய்ந்த மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இதுக்கேனுங்கக்கா அழுவறீங்க? என்ற மச்சான் பிரியாணி மாஸ்டருங்க. பிரியாணிக்காரங்களுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது" என்று சொல்லிக்கொண்டே போனைப் போட்டார்.

அந்த மாஸ்டரை அதற்குமுன் நான் பார்த்ததுகூட இல்லை. மறுநாள் இரவு அவருக்கு வேறொரு விசேஷம் இருந்தது. மதியம் முடித்துக்கொடுத்துவிடுகிறேன், பிரியாணி வேகிற தேக்சா, விறகு, கறி எல்லாம் என் பொறுப்பு, வெங்காயம் உரிக்கவும் பரிமாறவும் மட்டும் ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் தெருவில் காலையில் கூழ் ஊற்றிய பெண்களிடம் போய் நின்றேன். ஆடி வெள்ளி விரதத்தில் இருந்தவர்கள், நாளைக்குத்தானே, வருகிறோம் என்றார்கள்.

சனிக்கிழமை காலை சர்ச்சில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்க, பின்னால் ஹாலுக்குப் பக்கத்தில் எங்கள் அடுப்புகள் எரிந்தன. மாஸ்டர் தேக்சாவின் வாயை மாவால் ஒட்டி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாம்பார் என்றால் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பேன். இதில் பார்க்க ஒன்றுமே இல்லை. வெந்ததா, குழைந்ததா, அடிப்பிடித்ததா? அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஒருக்காத் தொறந்து பாத்தர்லாமுங்களா?"

"அம்மா, நீங்க போயி உக்காருங்க. நீங்க நடக்கற நடையில நெலம் சூடாகி அடிப்புடிச்சுரும்" என்றார் அவர். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு நின்று ஜனங்கள் ஹாலுக்குள் வரும் சத்தம் கேட்டதும் இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

மாஸ்டர் நிதானமாக எழுந்து மூடியைத் தட்டி எடுத்தார். ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. சோறு பூவாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தி குறையில்லாமல் நடந்தது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அந்த அம்மாவுக்கு நானே இலை போட்டுப் பரிமாறினேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் பொட்டியில நான் அழுதுட்டே என்னென்னமோ எழுதுனனே. அதையெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

"படிச்சனுங்க. நேத்துத்தான் படிச்சேன்."

"அப்பச் செரிங்க" என்றார். "யாராச்சும் ஒரு மனுசரு படிச்சீங்களே."

இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டு உள்ளே போய், நன்றாக அழுதேன்.

வெப்சைட் இன்னும் இருக்கிறது. ஆர்டரும் வருகிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிரியாணிப் படத்தை எடுத்துவிட்டேன். பேசுகிற பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போன் நம்பரைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். தினமும் காலையில் பாலைக் காய்ச்சும்போதே மெயிலைத் திறந்து பார்த்துவிடுகிறேன், ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும். "நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்று என் பெயரைச் சொல்லி யாரிடமாவது எதுவாவது சொல்லிவிட்டிருந்தால், போய் நிற்க வேண்டியவள் நான்தானே என்ற பயம் எனக்கு இன்றுவரை போகவில்லை, போகவும் வேண்டாம்.