தனியறை யோகம்

ஓரகத்திக்குத் தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்த அன்று, அந்த வீட்டு மூத்த மருமகள் அழுதது நிஜம். கழுத்தைத் திறந்து சுரப்பியை முழுசாக எடுத்துத் தையல் போட்டார்கள். பிறகு, ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் யாரும் கிட்ட போகாதீங்க, குழந்தைங்க கண்டிப்பா கூடாது" என்றார் டாக்டர். அங்கேதான் மூத்தவளுக்குப் பொறாமை பிடித்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு கால் நீட்டியதில்லை. குளிக்கப் போனாலும் யாராவது கதவைத் தட்டிச் சீப்பு எங்கே என்பார்கள். இவளுக்கோ தனியறை, வாசலுக்கே சாப்பாடு! 'மகராசி, நோயிலகூட யோகக்காரி' என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் கதவோரம் ணங்கென்று வைத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, என் பொண்ணு ராத்திரி உங்க மேலதான் காலப் போட்டுத் தூங்குறாளா?"

"ஆமா, உதைச்சே கொல்லுறா. கட்டிப் பிடிச்சா விடவும் மாட்டேங்கறா."



"உங்கள நெனச்சா எனக்கு வயிறெரியுதுக்கா."